இந்தியாவா, இலங்கையா: ஊழலை ஒப்பிட எந்த எண்ணை எடுப்பது?

கேள்வி: கல்லூரியில் பொது நிர்வாகம் படிக்கிறேன். ஊழலில் இந்தியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஊழல் கண்ணோட்டக் குறியீட்டில் இந்தியா 86-ஆவது இடம், இலங்கை 94-ஆவது இடம். ஆனால் அதே நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, லஞ்சம் கொடுத்தவர்கள் இந்தியாவில்தான் அதிகம் என்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முரண்பாடு உங்கள் கண்ணில் பட்டதே நல்ல தொடக்கம். பலர் முதல் எண்ணைப் பார்த்ததும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழல் எதிர்ப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் அந்தக் குறியீட்டை வெளியிடுகிறது. லஞ்ச வழக்குகளையோ பிடிபட்ட பணத்தையோ அது எண்ணுவதில்லை. எண்ணினால், கண்டிப்பாக வழக்குத் தொடுக்கும் நாடு, வழக்கு அதிகம் என்பதற்காகவே ஊழல் மிகுந்த நாடாகத் தெரியும். ஆகவே வணிகர்களும் வல்லுநர்களும் ஒவ்வொரு நாட்டின் அரசுத் துறையைப் பற்றி என்ன கருதுகிறார்கள் என்று வெவ்வேறு அமைப்புகள் திரட்டிய 13 மதிப்பீடுகளை எடுத்து, 0 முதல் 100 வரையிலான ஒரே அளவுகோலுக்கு மாற்றிச் சராசரி காண்கிறார்கள். 100 என்றால் மிகத் தூய்மை. குறைந்தது மூன்று மதிப்பீடுகளாவது கிடைக்காத நாட்டுக்குப் பட்டியலில் இடமில்லை. வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கும் குடிமக்களின் அனுபவம் இதில் சேராது.

இப்போது இடங்களை விட்டுவிட்டு மதிப்பெண்களைப் பாருங்கள். 2020-இல் இந்தியா 40, இலங்கை 38. எட்டு இடங்கள் என்று பெரிதாகத் தெரிந்த இடைவெளி உண்மையில் இரண்டே மதிப்பெண். பட்டியலோடு பிழை எல்லையையும், அதாவது மதிப்பெண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும், தருகிறார்கள். பெரும்பாலான நாடுகளுக்கு இவ்வளவு சிறிய வேறுபாடு அதற்குள் அடங்கிவிடும். இந்தியா 2022-இல் 85-ஆவது இடத்தில் இருந்து 2023-இல் 93-க்கு இறங்கியதும் இப்படித்தான்: மதிப்பெண் 40-இலிருந்து 39 ஆனது, அவ்வளவுதான். நடுப்பகுதியில் நாடுகள் நெருக்கியடித்து நிற்பதால் ஒரு மதிப்பெண் பல இடங்களைப் புரட்டிவிடுகிறது. இன்னொன்று: 2012-இல் கணக்கிடும் முறை மாறியது. அதற்கு முந்தைய எண்களோடு ஒப்பிட வேண்டாம்.

இரண்டாவது ஆய்வு ஆசியாவின் 17 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நேரடியாகக் கேட்டது. கடந்த 12 மாதங்களில் காவல்துறை, நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி போன்ற பொதுச் சேவைகளை நாடியவர்களில் எத்தனை பேர் லஞ்சம் கொடுத்தார்கள்? இந்தியாவில் 39 விழுக்காடு. அந்த 17 நாடுகளில் அதுவே அதிகம். இலங்கையில் 16 விழுக்காடு. இது அலுவலக ஜன்னலோரத்தில் கைமாறும் பணம். ஒரு துறைமுக ஒப்பந்தத்தில் கோடிகள் கைமாறினாலும் இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறாது. அரசின் மேல்தட்டில் நடப்பதைக் குறியீடு ஓரளவு பிடிக்கிறது; கீழே நடப்பதை இந்த ஆய்வு பிடிக்கிறது. வரிசை தலைகீழாவதில் வியப்பில்லை.

கருத்து உண்மையை எவ்வளவு தொடுகிறது என்பதை இந்தோனேசியாவில் ஒருவர் மண்ணைத் தோண்டியே பார்த்தார். பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன், ஜாவாவின் 608 ஊர்களில் நடந்த சாலைத் திட்டத்தை எடுத்துக்கொண்டார். போட்டு முடித்த சாலைகளைப் பொறியாளர்கள் தோண்டி, உண்மையில் எவ்வளவு கல்லும் மணலும் போடப்பட்டன என்று அளந்து, கணக்கில் காட்டிய செலவோடு ஒப்பிட்டார்கள். சராசரியாகக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான பணத்தைக் காணவில்லை. ஊராரையும் கேட்டார்கள். அவர்களுடைய ஐயத்துக்கும் உண்மைக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் மெலிந்த தொடர்பு. கல்லின் விலையைக் கூட்டி எழுதினால் ஊர் கண்டுபிடித்தது. அளவைக் கூட்டி எழுதினால் கண்டுபிடிக்க முடியவில்லை. திருட்டில் பெரும்பகுதி அளவுக்குள்தான் ஒளிந்திருந்தது. கூடவே வாழ்கிறவர்களுக்கே இந்த நிலை என்றால், வெளியிலிருந்து மதிப்பிடுகிறவரின் கருத்தை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும்!

ஆகவே "இந்தியாவில் ஊழல் குறைவு" என்று எழுதாதீர்கள். "வல்லுநர் மதிப்பீட்டில் 2020-இல் இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன, சேவை பெறும்போது லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் இந்தியாவில் இரு மடங்குக்கும் அதிகம்" என்று எழுதுங்கள். உலக வங்கி வெளியிடும் ஊழல் கட்டுப்பாட்டு அளவீட்டையும் சேர்க்கலாம். அதன் மதிப்பு ஏறத்தாழ -2.5 முதல் 2.5 வரை போகும். ஆனால் அதை மூன்றாவது சாட்சியாக நிறுத்த வேண்டாம். அதன் மூலங்களில் பல, முதல் குறியீட்டின் மூலங்களே. ஒரே சாட்சி இருமுறை கூண்டேறியதாகிவிடும்.

நேரம் இருந்தால், இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் இலங்கையின் கணக்காய்வாளர் தலைமை அதிபதியும் வெளியிட்ட அறிக்கைகளில், சாலை அல்லது மருந்துக் கொள்முதல் என்று ஏதேனும் ஒரே துறையை எடுத்துப் படியுங்கள். அவற்றைக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்த முடியாது. ஆனால் பணம் எந்த இடத்தில் கசிந்தது என்பது அங்கேதான் தெரியும்.