பி.சி.ஏ.ஏ. பவுடர் சர்க்கரை நோயை வரவழைக்குமா?

கேள்வி: வயது 41. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறேன். ஜிம்மில் பி.சி.ஏ.ஏ. (கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்) பவுடர் குடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் அமினோ அமிலம் கூடினால் இன்சுலின் எடுபடாது என்று படித்தேன். புரத உணவையே குறைத்துவிடவா?

பதில்: பவுடரை விட்டுவிடுங்கள். சாப்பாட்டுப் புரதத்தில் கை வைக்காதீர்கள்.

நீங்கள் படித்தது தவறில்லை. உங்கள் டப்பாவில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கட்டுமானத் துண்டுகள். உடல் பருமன் உள்ளவர்களின் ரத்தத்தில் இவை கூடியிருப்பது 1969-லேயே பதிவானது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2011-ல் வெளியான ஆய்வில், இந்த மூன்றோடு டைரோசின், ஃபினைல்அலனின் என்ற வேறு இரண்டு அமினோ அமிலங்களும் கூடியிருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 12 ஆண்டுகள் முன்னதாகவே தெரிந்தது.

சரி, ஏன் கூடுகின்றன? நிறையச் சாப்பிட்டதால் மட்டுமல்ல. இன்சுலின் எடுபடாத உடலில், இவற்றை எரிக்கும் நொதி கொழுப்புத் திசுவிலும் கல்லீரலிலும் மந்தமாகிவிடுகிறது. தசைப் புரதம் கரையாமல் பிடித்து வைப்பதும் இன்சுலின்தான். அந்தப் பிடி தளர்ந்தால் அங்கிருந்தும் கசியும். குழாயை விட, தண்ணீர் வெளியேறும் வழியில்தான் கோளாறு அதிகம்.

அப்புறம், தேங்கியவை சும்மா இருப்பதில்லை. லியூசின் செல்லுக்குள் எம்டார் என்ற விசையை ஓயாமல் தட்டி, இன்சுலின் சொல்லும் செய்தியை மழுங்கடிக்கிறது. வாலின் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், கொழுப்பைத் தசைக்குள் இழுத்துவிடுகிறது. எது முதலில் என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இவை பெரும்பாலும் அறிகுறி, கொஞ்சம் குற்றவாளியும்கூட என்பது என் கணிப்பு. எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனியோடு இவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது, குறைவாகத் தின்று, எடை அதிகம் ஏறாமலேயே இன்சுலின் எதிர்ப்பு வந்தது. சாதாரணத் தீனியோடு கொடுத்தபோது வரவில்லை.

பவுடரை வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணம் இந்தப் பயம்கூட இல்லை. தசை கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்கள் வேண்டும், டப்பாவில் மூன்றுதான். முட்டை, பால், பயறு சாப்பிட்டாலே அந்த மூன்றும் மற்றவற்றோடு சேர்ந்து வந்துவிடும். வே (whey) புரதம், அதாவது பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர் குடிப்பவர் என்றால், அதில் நாலில் ஒரு பங்குக்கு நெருக்கமாக இவைதான்.

ஜிம்மை விடாதீர்கள். எடை குறைந்தால் ரத்தத்தில் இவற்றின் அளவும் பொதுவாக இறங்கும். இதற்கென்று அமினோ அமிலப் பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை மட்டும் ஒருமுறை பாருங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால், எவ்வளவு புரதம் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.