நாகேஷுக்கு அம்மா, கமலுக்குப் பாட்டி

கேள்வி: பழைய படங்களில் அம்மாவாகவே வரும் எஸ்.என்.லட்சுமிக்கு நிஜத்திலும் அவ்வளவு வயதா? (விருதுநகர் வாசகி)

உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரரைப் பற்றி என்னைக் கேட்கிறீர்களே! நாகேஷுக்கு அவர் அம்மாவாக நடித்த 'சர்வர் சுந்தரம்' வந்தது 1964இல். நாகேஷ் பிறந்தது 1933. அவரைவிட லட்சுமி சில வயதுதான் மூத்தவர். அக்கா வேடத்துக்குப் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஆனால் நமக்குச் சந்தேகம் வந்ததா? மகன் சினிமாவில் பெரிய ஆளாகி, படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டு, அவன் வருவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிடும் இடத்தில் கொட்டகையே மூக்கை உறிஞ்சியது.

இதெல்லாம் நாடகம் கொடுத்த தைரியம். சின்ன வயதிலேயே மேடைக்கு வந்தவர். அங்கே இன்றைக்கு ராணி, நாளைக்குக் கிழவி. ஆள் வரவில்லையென்றால் அடுத்தவர் பாடத்தையும் பேசியாக வேண்டும். தரை டிக்கெட்டின் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். அந்தக் குரலை சினிமாவில் அடக்கி, பக்கத்து வீட்டு அம்மா முணுமுணுப்பதுபோலப் பேசினார் பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். நாடகத்திலிருந்து வந்த பலர் கேமராவுக்கு முன்னாலும் கத்திக்கொண்டே இருந்தார்கள். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள்.

கேள்வி: அவர் சிறுத்தையோடு சண்டை போட்டாராமே? (தஞ்சாவூர் வாசகர்)

ஆமாம், எம்.ஜி.ஆரின் 'பாக்தாத் திருடன்' (1960) படத்தில். அதற்கும் முன்னால், ஜெமினி ஸ்டூடியோவின் 'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தில் ஆடிய கூட்டத்திலும் ஒருவர். அடுத்த தடவை பார்க்கும்போது தேடிப் பாருங்கள். அந்த ஜனத்திரளில் கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த அவருடைய வேடம்? (மதுரை வாசகி)

'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) பாட்டிதான், வேறென்ன! ஊர்வசிக்குப் பாட்டி, கை சுத்தமில்லாத பாட்டி. திருடிவிட்டு ஒன்றுமே தெரியாததுபோல ஒரு முகம் வைத்துக்கொள்வார். பக்கத்தில் கமல் இருந்தாலும் கண் பாட்டி பக்கமே போகும். 'மகாநதி'யில் (1994) அதே கமலுக்கு மாமியாராக வந்து அழ வைத்தார். 'விருமாண்டி'யில் (2004) பாட்டி. அப்புறம் டிவி சீரியல்களிலும் பாட்டி. கலைமாமணி கொடுத்தார்கள். 2012 பிப்ரவரியில் காலமானார். போஸ்டரில் பெயர் பெரிதாக வந்த ஞாபகம் எனக்கில்லை.