திரும்பத் திரும்ப வாசித்தும் மறந்து போகிறதா?

கேள்வி: உயிரியல் பட்டப்படிப்பில் முதலாண்டு படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று நான்கு முறை வாசித்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போகிறேன். வினாத்தாளைப் பார்த்தால் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. ஆய்வகத்தில் வரையும் படங்களையும் திரும்ப வரையச் சொல்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் வாசிப்பதைக் குறையுங்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்ததை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவில் இருந்தது. முந்தைய இரவு எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருக்கும். அதை நம்பாதீர்கள்.

சவ்வூடு பரவலையே, அதாவது செறிவு அதிகமான கரைசலின் பக்கம் நீர் சவ்வு வழியே நகர்வதையே, எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, உப்புக் கரைசலில் போட்ட வெங்காயத் தோல் செல்லை வெள்ளைத் தாளில் வரையுங்கள். நீர் வெளியேறும், செல் சவ்வு சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். சரி, விலகிய அந்த இடைவெளியில் இருப்பது என்ன? வெறும் இடமா, நீரா? உப்புக் கரைசல்தான். செல் சுவர் உப்பை உள்ளே விட்டுவிடும், தடுப்பது சவ்வு. இந்த ஒரு கேள்வியில் தடுமாறினால், வரையறை மனப்பாடமாக இருந்தாலும் பாடம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். தடுமாறிய இடத்தை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். இரண்டு நாள் விட்டு ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை மறுபடி வரையுங்கள்.

ஆய்வகப் படம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் கை காரணமில்லை, கண்தான். நுண்ணோக்கியில் தெரிவதை விட்டுவிட்டுப் புத்தகப் படத்தை நினைவிலிருந்து வரைந்துவிடுகிறோம். சாதாரண வெங்காயத் தோலில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெயர் குறித்திருந்தால், பார்க்காததை வரைந்திருக்கிறீர்கள் என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். கூரான பென்சில், ஒற்றைக் கோடு, நிழலடிப்பு வேண்டாம்.

அப்புறம் உருப்பெருக்கம். கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 40 என்றால் நுண்ணோக்கி காட்டுவது 400 மடங்கு. உங்கள் படத்தின் உருப்பெருக்கம் அதுவல்ல. 0.25 மி.மீ. நீளமுள்ள செல்லை 75 மி.மீ. நீளத்துக்கு வரைந்திருந்தால் அது 300 மடங்கு. கணக்கிடும் முன் இரண்டு அளவையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள், 1 மி.மீ. என்பது 1000 மைக்ரோமீட்டர். மனிதச் சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர் என்பதையும் மனதில் வைத்திருங்கள். அதன் அளவுக்கு விடை 700 மைக்ரோமீட்டர் என்று வந்தால் உங்களுக்கே சந்தேகம் வர வேண்டும்.

சோதனைக்குப் போகும் முன் ஒவ்வொரு குழாயும் எதற்கு என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போங்கள். மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியான அமைலேஸை வைத்துச் செய்யும் சோதனையில், கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த நொதியுள்ள குழாயை மாணவர்கள் பலர் சும்மா நிரப்பி வைக்கிறார்கள். மாவுச்சத்து தானாகவே மறையவில்லை, நொதிதான் சிதைத்தது என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்தக் குழாய்தான். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும்; அந்தக் குழாயில் அது கருநீலமாகவே நிற்கிறதா என்பதையும் நேரத்தோடு குறித்து வையுங்கள்.