முழங்கைத் தசைநாண் வலிக்கு வளர்ச்சிக் காரணி ஊசி போடலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான். அப்பாவுக்கு 53 வயது, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், 6 மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. தனியார் கிளினிக் ஒன்றில், ரத்தத்தில் இருக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பிரித்து ஊசியாகப் போட்டால் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) புதிதாக வளரும் என்றார்களாம். போடலாமா?

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பிசியோதெரபி பார்க்கிறேன். பால்மரம் சீவிய அம்மாக்கள், குலை வெட்டும் அண்ணன்கள் என்று இந்த முழங்கை வலியோடு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். என் பதில்: இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வளர்ச்சிக் காரணிகள் உண்மையான சங்கதி, யாரும் கதை கட்டவில்லை. உடம்பின் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் புரதங்கள் இவை. இவற்றைக் கண்டுபிடித்ததற்காக ரீட்டா லெவி-மொந்தல்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) நின்று நீ இந்த நிரைக்குப் போ, நீ உரம் போடப் போ என்று ஆள் பிரித்து விடுவாரே, அந்த வேலையைத்தான் இவை செய்கின்றன. அடிபட்ட இடத்துக்குச் செல்களை வரவழைப்பது ஒன்று, பெருகச் சொல்வது ஒன்று, கொலாஜன் நார் நெய்யச் சொல்வது ஒன்று, புது ரத்தக் குழாய் போடச் சொல்வது ஒன்று.

தசைநாண் ஆறுவதற்கு அதிக காலம் எடுக்கும். முதல் சில நாள் வீக்கம், அடுத்த சில வாரங்கள் அவசரத்துக்கு நெய்த மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன், அதற்கப்புறம் பல மாதங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி உறுதியான முதல் வகையாக, இழுவிசை போகும் திசையிலேயே அடுக்குவது. ரத்த ஓட்டம் குறைவான திசு என்பதால் இவ்வளவு நிதானம். அப்பாவுக்கு வந்திருப்பது போன்ற நாள்பட்ட வலியில் இந்த வேலை பாதியில் நின்றுபோயிருக்கும், நார்கள் தாறுமாறாகக் கிடக்கும். இங்கே காரணியைக் கொண்டுபோய் ஊற்றினால் வேலை மறுபடி தொடங்காதா என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்தது நியாயம்தான்.

ஆனால் சிக்கல் அங்கேயே இருக்கிறது. ஊசியில் போன காரணி அதிக நேரம் அங்கே தங்குவதில்லை, சீக்கிரமே சிதைந்தும் கரைந்தும் போய்விடும், ஆறுகிற வேலையோ மாதக்கணக்கு. அதனால்தான் ஆய்வுக்கூடங்களில் காரணியைத் தையல் நூலில் பூசியும், ஜெல்லில் அடைத்தும் மெல்ல மெல்லக் கசிய விட்டுப் பார்க்கிறார்கள். இன்னொன்று, எல்லாக் காரணியும் எல்லா நேரமும் நல்லது செய்யாது. டிஜிஎஃப்-பீட்டா 1 என்ற காரணி கொலாஜனைக் கூட்டும், கூடவே தழும்பையும் ஒட்டுதலையும் கூட்டிவிடும். விரல் தசைநாணில் அப்படி ஒட்டிக்கொண்டால் விரல் மடங்காது. பிடிஜிஎஃப் என்ற காரணி சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குப் பூசும் ஜெல்லாக 1997இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அது தோலில் இருக்கும் புண்ணுக்கு.

உங்களுக்குச் சொன்ன ஊசியின் பெயர் பிஆர்பி, அதாவது தட்டணுக்கள் செறிந்த ரத்த நீர். கையிலிருந்து ரத்தம் எடுத்து, குழாயோடு இயந்திரத்தில் சுழற்றுவார்கள். வெளியே எடுத்தால் அடியில் சிவப்பு, நடுவில் நூல் கனத்துக்கு வெள்ளைப் படலம், மேலே தேநீர் நிறத்தைவிட வெளிறிய மஞ்சள் நீர். அந்த வெள்ளைப் படலத்தை ஒட்டித்தான் தட்டணுக்கள் சேரும். டிங்கிக் காய்ச்சலில் குறைந்துவிட்டது என்பார்களே, அதே தட்டணு. அதற்குள்தான் பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, விஇஜிஎஃப் எல்லாம் பொதிந்திருக்கின்றன. ஆனால் ஆளுக்கு ஆள், இயந்திரத்துக்கு இயந்திரம் அளவு மாறும். ஆக, எந்தக் காரணி எவ்வளவு போகிறது என்று போடுகிறவருக்கே தெரியாது.

பலன்? ஆரம்பத்தில் சில ஆய்வுகள் நன்றாகத்தான் சொல்லின. அப்புறம், எது மருந்து எது உப்புநீர் என்று நோயாளிக்குத் தெரியாமல் போட்டுப் பார்த்த ஆய்வுகள் வந்தன. குதிகால் தசைநாணுக்கு 2010இல் 54 பேரிடம் அப்படிச் செய்தார்கள், இரு பக்கமும் ஒரே அளவுதான் தேறினார்கள். உங்கள் அப்பாவின் முழங்கை வலிக்கே 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 32 ஆய்வுகளை, 2,337 பேரைத் திரட்டிப் பார்த்தது: வலியிலோ கை வேலையிலோ சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரம் வெள்ளிக்கு மேலும் கேட்கும் ஊசிக்கு இந்தச் சான்று போதாது என்பது என் கருத்து.

ஸ்டீராய்டு ஊசி மலிவு, அதைப் போடட்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் வேண்டாம். ஒரு மாதம் சொர்க்கமாக இருக்கும், மனிதர் பழையபடி கம்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது, வெறும் உப்புநீர் போட்டவர்களில் 12 சதவீதம்தான்.

சரி, என்னதான் செய்வது? அளவாகச் சுமை கொடுத்தால் தசைநாண் செல்கள் தாங்களே வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும், தேவையான இடத்தில், நாள்தோறும். அதற்குத்தான் பயிற்சி. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும், புறங்கை மேலே. அரை லிட்டர் தண்ணீர் போத்தலைப் பிடித்து, இடது கையால் மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக, நாலு ஐந்து எண்ணும் அளவுக்கு நேரம் எடுத்து இறக்க வேண்டும். 15 தடவை, நடுவில் ஓய்வு விட்டு 3 முறை. கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை; மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் தண்ணீரைக் குறையுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும், இடையில் ஒரு பிசியோவிடம் காட்டிச் சுமையை ஏற்றிக்கொள்ள வேண்டும். கோடாலித் தைலம் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, வலிக்கிற முனையிலேயே கட்டைவிரலை அழுத்தி உருவி விடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

வேலையிலும் மாற்றம் வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி வீண். 20 கிலோ குலையை உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி பற்றித் தூக்கும்போதுதான் அந்த நாண் அதிகம் இழுபடுகிறது. கொஞ்ச நாளைக்கு உயர மரங்களை விட்டு, பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரையைப் பார்த்தீர்களா? நம் மக்களிடம் அது அதிகம், கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எந்தத் தசைநாணும் ஒழுங்காக ஆறாது. அரசாங்க கிளினிக்கில் உடனே பார்த்துவிடுங்கள். விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ அது வேறு நோயாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாறவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் ஸ்கேன் பார்த்து, அப்போது ஊசியைப் பற்றிப் பேசலாம்.

அப்புறம், வேலையால் வந்த நோய்க்கும் 1969ஆம் ஆண்டு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சட்டத்தில் இடம் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கும்போது எத்தனை வருடமாக என்ன வேலை, எந்தக் கையால் வெட்டுகிறார் என்பதையெல்லாம் சொல்லி, அதைக் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நகலையும் கேட்டு வாங்குங்கள், பிறகு தேவைப்படும்.