கட்டைவிரலை நம்பலாமா?

கேள்வி: எனக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. கழுத்தருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்களாம். மருந்து ஏறும் அழுத்தத்தையும் கருவி வைத்துக் கவனிப்போம் என்றார் மயக்க மருந்து நிபுணர். ஊசி போடுவதில் அழுத்தத்துக்கு என்ன வேலை? நரம்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்த ஊசியில் மருந்து நரம்பைச் சுற்றித் தேங்க வேண்டுமே தவிர, நரம்புக்குள் போகக் கூடாது. நரம்பு ஒற்றைக் கம்பி அல்ல. பல மெல்லிய கற்றைகள் தளர்வான திசுவுக்குள் சேர்ந்து கிடக்கும் ஒரு கட்டு. ஒவ்வொரு கற்றையையும் பெரிநியூரியம் என்ற இறுக்கமான உறை மூடியிருக்கிறது. வெளியே உள்ள தளர்ந்த திசு மருந்துக்கு வழிவிடும். ஊசிமுனை தவறிக் கற்றைக்குள் புகுந்துவிட்டால், விரிந்துகொடுக்க இடமில்லாததால் உள்ளழுத்தம் சட்டென்று ஏறி, நுண்ணிய இரத்தக்குழாய்களை நசுக்கி, நரம்பிழைகளுக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்துவிடக்கூடும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களின் சயாட்டிக் நரம்புக்குள் (இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் பெரிய நரம்பு) மருந்தை உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தியபோது கற்றைகள் சிதைந்து கால் செயலிழப்பு நீடித்தது. குறைந்த அழுத்தத்தில் மருந்து ஏறிய நரம்புகள் பழைய நிலைக்குத் திரும்பின.

அனுபவமுள்ள மருத்துவருக்குக் கைப்பதமே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்பதே என் கருத்து. ஒரு கையில் ஊசியும் மறு கையில் அல்ட்ராசவுண்ட் கருவியும் இருப்பதால், பெரும்பாலும் சிரிஞ்சை அழுத்துபவர் அருகில் நிற்கும் உதவியாளர்தான். "இறுக்கமாக இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்பார், "இல்லை, சாதாரணமாகத்தான் போகிறது" என்று பதில் வரும். அந்தச் 'சாதாரணம்' ஆளுக்கு ஆள் மாறும். அதோடு, ஒரே விசையில் அழுத்தினாலும் சிறிய சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், பெரிய சிரிஞ்சில் குறைவு. இதைக் கட்டைவிரல் கணக்கிட்டுச் சொல்லாது.

ஆகவே சிரிஞ்சுக்கும் ஊசிக்கும் இடையே ஒரு சிறு அளவியை இணைக்கிறார்கள். பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அழுத்தத்தை அளக்கும் அலகு). இது சுமார் 775 மி.மீ. பாதரசம், நம் இரத்த அழுத்தத்தின் மேல் அளவான 120ஐப் போல ஆறு மடங்குக்கும் மேல். மருந்து நகரத் தொடங்கும் அந்தக் கணத்தின் அழுத்தமே இங்கு முக்கியம். மருந்து ஓடாதவரை ஊசி மெல்லியதா, குழாய் நீளமா என்பதெல்லாம் பொருட்டல்ல. எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றே. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், உங்களுக்குப் போடவிருப்பது போன்ற கழுத்து ஊசியின்போது, முனை நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தவரை ஏறக்குறைய எல்லாரிடமும் 15 பி.எஸ்.ஐ.யிலும் மருந்து நகரவில்லை, 1 மி.மீ. விலகியதும் நகர்ந்தது.

கருவி இல்லாத இடத்திலும் வழி உண்டு. 20 மி.லி. சிரிஞ்சில் 10 மி.லி. மருந்தும் அதன்மேல் 10 மி.லி. காற்றும் இருக்குமாறு, சிரிஞ்சின் முனை கீழே வர, செங்குத்தாகப் பிடித்து அழுத்த வேண்டும். காற்று 5 மி.லி.யாகச் சுருங்கினால், பாயில் விதிப்படி (காற்றின் கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிக்கும்), அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு, அதாவது 14.7 பி.எஸ்.ஐ., கூடிவிட்டது என்று பொருள். காற்று பாதிக்கு மேல் சுருங்கவிடாமல் செலுத்த வேண்டும். பள்ளிக்கூட இயற்பியல்தான், எனக்கு மிகவும் பிடித்த உத்தி.

ஆனால் ஒன்று. அழுத்தம் ஏறினால் உடனே நிறுத்தி, ஊசியைச் சற்றுப் பின்னிழுக்க வேண்டும். காரணம் நரம்பாகவும் இருக்கலாம், எலும்பில் முட்டிய முனையாகவும் மடங்கிய குழாயாகவும் இருக்கலாம். அழுத்தம் குறைவாக இருந்தால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது; கற்றைகளுக்கு இடைப்பட்ட தளர்ந்த திசுவில் முனை நின்றாலும் மருந்து எளிதாக ஏறும். அதனால்தான் அல்ட்ராசவுண்டையும், 0.2 மில்லி ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தில் தசை துடிக்கிறதா (துடித்தால் முனை நரம்புக்குள் இருக்கலாம்) என்று காட்டும் நரம்புத் தூண்டியையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். சில நாட்களோ வாரங்களோ மதமதப்பு இருந்து தானாக மறைவது அபூர்வமல்ல. நீடித்த பாதிப்பு 10,000 பேரில் சுமார் 2 முதல் 4 பேருக்கே ஏற்படுகிறது. நீரிழிவோ, கையில் ஏற்கெனவே மரப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து ஏறும்போது கை நெடுகச் சுரீரென்று வலி பாய்ந்தால், பொறுத்துக்கொள்ளாமல் அக்கணமே சொல்லுங்கள். வலி இல்லாததை மட்டும் வைத்து மருத்துவர் திருப்தியடைய மாட்டார்.