கல்யாண ஃபோட்டோ யாருக்குச் சொந்தம்? (வாசகர் கேள்வி பதில்)

போன மாதம் ஒரு வாசகிக்கு, ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தை இழுத்தடிப்பது பற்றி நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதிலிருந்து தொண்டி முதல் சாயல்குடி வரை கடிதங்கள் வருகின்றன, முக்கால்வாசி கல்யாண ஃபோட்டோ சங்கதிதான். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி இந்த முறை பதில் சொல்கிறேன். குடும்ப விஷயம் என்பதால் பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: ஆவணியில் என் மகள் கல்யாணம். அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது ஸ்டுடியோக்காரர், "காப்பிரைட் எங்களுக்குத்தான் சார், நீங்கள் வேறு இடத்தில் பிரிண்ட் போடக் கூடாது" என்கிறார். மகள் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு ஃபோட்டோ எடுத்தவருக்குத்தான் சொந்தமாம் என்கிறாள். லட்ச ரூபாய் கொடுப்பவன் நான், சொந்தம் அவருக்கா?
*(தங்கச்சிமடம்)*

பதில்: உங்கள் மகள் படித்தது பொய் இல்லை அண்ணாச்சி, ஆனால் அது அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே கேமராவைப் பிடித்தவருக்கே உரிமை, கல்யாண வீட்டார் அவரிடம் அனுமதி வாங்கித்தான் பிரிண்ட் போட வேண்டும். இங்கிலாந்திலும் ஏறக்குறைய அப்படித்தான். சிங்கப்பூரில் முன்பெல்லாம் காசு கொடுத்தவருக்கு இருந்தது, 2021 நவம்பரில் புதுச் சட்டம் வந்த பிறகு அங்கேயும் எடுத்தவர் பக்கம் போய்விட்டது. இணையத்தில் இந்த விஷயத்தை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள், அதனால் தேடினால் அதுதான் முதலில் வந்து விழும்.

நம் நாட்டில் நடப்பது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம். அதில் 17ஆவது பிரிவை எடுத்துப் பார்த்தால், பொதுவாக எடுத்தவருக்கே உரிமை என்று சொல்லிவிட்டு, கீழேயே ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார்கள்: ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட ஃபோட்டோ என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கேட்டுப் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாண வீடியோவுக்கும் இதே கதைதான். ஆக, எதிலும் கையெழுத்துப் போடாதவரை சொந்தம் உங்களுக்கு, எங்கே வேண்டுமானாலும் பிரிண்ட் போடலாம், காலண்டரே அடிக்கலாம்.

ஆனால் அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்" என்ற இடத்தில்தான் ஸ்டுடியோக்காரர் நிற்கிறார். அட்வான்ஸ் கொடுத்ததும் ஒரு பில்லைக் கிழித்துக் கொடுப்பார், முன்பக்கம் தேதி, மண்டபம், கேண்டிட் ஒரு ஆள், டிரெடிஷனல் ஒரு ஆள், வீடியோ, டிரோன், கரிஷ்மா ஆல்பம் இத்தனை ஷீட், பாக்கி எவ்வளவு என்று எல்லாம் பேனாவில் எழுதியிருக்கும். பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வரி. அதில் ஒரு வரி, எல்லா உரிமையும் ஸ்டுடியோவுக்கே என்று இருக்கும், அதன் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். போட்டுவிட்டால் அவர் சொல்வது சரியாகிவிடும். இன்னும் போடவில்லை என்றால் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். முறைப்பார்தான். சீசன் இல்லாத ஆடி மாதத்தில் புக் செய்தால் அவ்வளவாக முறைக்க மாட்டார்.

இன்னொன்று, நம் பக்கம் பெண் வீட்டார் ஒரு ஸ்டுடியோ, மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஸ்டுடியோ என்று வைப்பார்கள். மேடைக்கு முன்னால் இரண்டு கேமராமேன்களும் முழங்கையால் இடித்துக்கொண்டு எடுக்கும் அதே தாலி கட்டும் காட்சியில், ஒரு படம் உங்களுக்குச் சொந்தம், மற்றது சம்பந்திக்கு. மகளுக்கு எதுவும் சொந்தமில்லை, நீங்கள் எழுதிக் கொடுத்தால் தவிர. இதை மண்டபத்தில் யாரும் கிளப்பாமல் இருப்பது நல்லது.

கேள்வி: போன தையில் மகள் கல்யாணம் நடந்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், ஒரு ஜவுளிக்கடை ஃபிளக்ஸில் என் மகள் முகூர்த்தப் பட்டோடு நிற்கிறாள், பக்கத்தில் இருந்த மருமகனை வெட்டி எடுத்துவிட்டார்கள். நாங்கள் அந்தக் கடையில் சேலையே எடுக்கவில்லை. கடையில் கேட்டால் ஸ்டுடியோ கொடுத்தது என்கிறார்கள், ஸ்டுடியோவில் கேட்டால் நல்ல விளம்பரம்தானே, பாப்பா அழகாக இருக்கிறாள் என்கிறார். என்ன செய்வது?
*(ராமநாதபுரம்)*

பதில்: முதலில் அந்த ஃபிளக்ஸைப் படம் எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் எடுங்கள், கடைப் பெயரும் சுற்றிலும் உள்ள இடமும் தெரிகிற மாதிரி, தேதியோடு. நோட்டீஸ் போன மறுநாள் அது மாயமாகிவிடும், அப்புறம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பார்கள்.

இதில் இரண்டு தனித்தனி விஷயம் இருக்கிறது. படம் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. பில்லில் நீங்கள் எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் உரிமை உங்களுக்கு, ஸ்டுடியோ அதை இன்னொருவருக்குக் கொடுத்ததும் தப்பு, கடைக்காரர் அச்சடித்ததும் தப்பு. "எனக்குத் தெரியாது, அவர்தான் கொடுத்தார்" என்று கடைக்காரர் சொன்னால் தண்டனை விஷயத்தில் கொஞ்சம் தப்பிக்கலாம், ஃபிளக்ஸை இறக்குவதிலிருந்து தப்பிக்க முடியாது.

இரண்டாவது, அந்த முகம் உங்கள் மகளுடையது. இதற்குக் காப்பிரைட் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கே கிடையாது, ஸ்டுடியோவுக்கு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்திருந்தால்கூட இது தனி வழக்கு. 1994இல் நக்கீரன் கோபால் வழக்கில் (ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றி வந்த வழக்கு) உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயத்தைச் சொன்னது: குடும்பம், திருமணம் போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்த உரிமையை மீறுவதாகும். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் தீர்ப்பு அது, உங்கள் மகளுக்கும் உதவும்.

ஆகவே நோட்டீஸில் நீங்களும் மகளும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள், நீங்கள் படத்தின் உரிமையாளராக, அவள் படத்தில் இருப்பவளாக. ஃபிளக்ஸை இறக்கு, இனிப் போடாதே, நஷ்டஈடு இவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். நீதிமன்றம் வரை போகிற நிலை வந்தால் காப்பிரைட் வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், 62ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது, கடையின் தலைமையகம் எங்கே இருந்தாலும் அலைய வேண்டாம். தெரிந்தே காப்பிரைட்டை மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று 63ஆவது பிரிவில் இருக்கிறது. எடுத்த எடுப்பில் போலீசுக்கு ஓடச் சொல்லவில்லை, நோட்டீஸில் அந்த எண்ணை எழுதினாலே ஏணி வந்துவிடும்.

அழகாக இருக்கிறாள் என்று சொன்ன அந்த ஸ்டுடியோக்காரருக்கு என் சார்பில் ஒரு வார்த்தை: அவர் வீட்டுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் பஸ் ஸ்டாண்டில் மாட்டினால் அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கேள்வி: என் லாத்தாவின் (அக்காவின்) நிக்காஹுக்குப் பெண்கள் பக்கத்தை எடுக்க ஒரு பெண் ஃபோட்டோகிராஃபரைத்தான் வைத்தோம், வெளியே போகக் கூடாது என்பதற்காகவே. ஒரு வாரத்தில் மருதாணி வைக்கும் ரீல்ஸ் அவருடைய இன்ஸ்டாகிராமில். சவுதியில் இருக்கும் காக்கா (அண்ணன்) பார்த்துவிட்டு வீட்டில் பெரிய சத்தம். வாப்பாதான் பணம் கட்டினார், பேப்பர் எதுவும் எழுதவில்லை, வாட்ஸ்அப்பில் பேசியதுதான்.
*(கீழக்கரை)*

பதில்: பேப்பர் எழுதாதது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு நல்லதாகப் போயிற்று தங்கச்சி. ஒப்பந்தம் இல்லை என்றால் உரிமை வாப்பாவுக்கு. அந்த ஃபோட்டோகிராஃபருக்கு ஃபோன் செய்து எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள், அவர்களுக்கும் அடுத்த நிக்காஹ் ஆர்டர் வேண்டுமே. எடுக்காவிட்டால் இன்ஸ்டாகிராமிலேயே காப்பிரைட் புகாருக்கு ஒரு படிவம் இருக்கிறது, அதை உரிமையாளர் பெயரில், அதாவது வாப்பா பெயரில் நிரப்ப வேண்டும். லாத்தாவோ நீங்களோ உங்கள் பெயரில் போட்டால் அது தடுமாறும். "வெளியே போடக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் முன்பே எழுதியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காமல் வையுங்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள்.

அந்த ரீல்ஸில் லாத்தா மட்டுமா இருக்கிறார்? மாமி, மச்சி, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் இருப்பார்கள், அவர்களில் ஒருவரும் எதிலும் கையெழுத்துப் போட்டவர் இல்லை. இதைச் சொன்னால் எந்த ஃபோட்டோகிராஃபரும் யோசிப்பார்.

ஆனால் உறவுக்காரப் பெண் தன் ஃபோனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தால் அது வேறு. அவர் காசு வாங்கி எடுக்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை, அந்தப் படத்தின் காப்பிரைட் அவருக்கே. அங்கே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் உம்மாவைப் பேசச் சொல்லுங்கள்.

அடுத்த வீட்டு நிக்காஹுக்காவது அட்வான்ஸ் அன்றே இப்படி இரண்டு வரி எழுதி வாங்கிவிடுங்கள்: "இந்தத் திருமணத்தின் படங்களையும் வீடியோவையும், புக் செய்தவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் சமூக வலைதளத்திலோ விளம்பரத்திலோ வெளியிட மாட்டோம், பிறருக்கும் கொடுக்க மாட்டோம். படங்களின் காப்பிரைட் புக் செய்தவருக்கே."

கேள்வி: எல்லாரும் எங்களைத் திட்டியே எழுதுகிறீர்கள். நான் மண்டபம் ஊரில் இருக்கும் கேண்டிட் ஃபோட்டோகிராஃபர். தனுஷ்கோடி இடிந்த சர்ச்சில் வெளிச்சத்துக்காக விடியற்காலையிலிருந்து காத்திருந்து எடுத்த படத்தை நான் என் பக்கத்தில் போடக் கூடாதா? அதைப் பார்த்துத்தானே அடுத்த ஆர்டர் வரும்? கல்யாண வீட்டார் என் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுப் போடுகிறார்களே, அது மட்டும் சரியா?
*(மண்டபம்)*

பதில்: நியாயமான கோபம் தம்பி. போடலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள். மொத்தக் காப்பிரைட்டையும் பில்லின் பின்பக்கத்தில் ஒளித்து வைத்து வாங்குவதைவிட, "தேர்ந்தெடுத்த 20 படங்களை என் இணையப் பக்கத்தில் போட்டுக்கொள்ளச் சம்மதம்" என்று தனியாக ஒரு வரி, தமிழில், முன்பக்கத்தில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். சம்மதிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, சொல்லாமல் செய்வதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு என்பதையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் சட்டப்படி அது 5 வருடத்துக்கும் இந்தியாவுக்கும் மட்டும்தான் என்று ஆகிவிடும், இன்ஸ்டாகிராமுக்கு அது போதாது.

வாட்டர்மார்க் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. காப்பிரைட் வேறு ஒருவரிடம் இருந்தாலும், இதை எடுத்தவன் நான் என்று உரிமை கோருவதும், உங்கள் பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் தடுப்பதும் 57ஆவது பிரிவின்படி எடுத்தவருக்கு எப்போதும் உண்டு. அதற்காகப் பெண்ணின் நெற்றிக்கு மேலே பாதிப் படத்தை மறைத்து உங்கள் லோகோவைப் போட்டால் வெட்டத்தான் செய்வார்கள். ஓரமாகச் சின்னதாகப் போடுங்கள்.

பெரிய ஸ்டுடியோவுக்கு நாள் கூலிக்குப் போய் எடுத்த படம் என்றால், கல்யாண வீட்டார் சம்மதித்தது அந்த ஸ்டுடியோவுக்குத்தான், உங்களுக்கு இல்லை. போகும் முன்பே ஸ்டுடியோவிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: ஆல்பம் கொடுத்துவிட்டார். எல்லாப் படத்தையும், ரா ஃபைலோடு (கேமராவில் பதிவானபடியே இருக்கும் ஃபைல்), ஹார்டுடிஸ்கில் கேட்டால் அதற்குத் தனியாகப் பணம் என்கிறார். உரிமை எனக்கு என்றால் ஃபைலும் எனக்குத்தானே?
*(பாம்பன்)*

பதில்: அப்படி இல்லை. படத்தின் உரிமை வேறு, ஃபைலைக் கையில் கொடுப்பது வேறு. எதை, எந்த வடிவில் கொடுப்பது என்பது நீங்கள் பேசிய பேச்சைப் பொறுத்தது, காப்பிரைட் சட்டம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரா ஃபைல் என்பது ஆய்ந்து கழுவாத மீன், அதைச் சமைக்கத் தெரியாத ஒருவர் அப்படியே வெளியில் காட்டினால் பெயர் கெடும் என்று ஃபோட்டோகிராஃபர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. எடிட் செய்த படங்கள் அனைத்தையும் முழு சைஸில் பென்டிரைவில் கேளுங்கள், பிரிண்டுக்கு அது போதும்.

ஆனால் பில்லில் எழுதியதையே தரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஃபோன் செய்து புகார் பதியலாம். எதற்கும் இன்றே ஒன்று கேட்டுவிடுங்கள், உங்கள் படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார் என்று. அடுத்த சீசன் வந்தால் இடம் வேண்டும் என்று பழையதை அழித்துவிடுவார்கள், அதன் பிறகு தீர்ப்பு வந்தாலும் படம் வராது.

கேள்வி: தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின வருடம், 1963இல், எடுத்த தாத்தா பாட்டி கல்யாணப் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. புதுப்பித்துக் கொடுத்த ஸ்டுடியோ அதில் தன் பெயரைப் போட்டுத் தந்திருக்கிறது. அது இனி அவர்களுடையதா?
*(ராமேஸ்வரம்)*

பதில்: இல்லை. கறையை நீக்கியதால் மூலப் படத்தின் உரிமை அவர்களுக்குப் போய்விடாது. பெயரை எடுத்துவிட்டு வேறு பிரதி தரச் சொல்லுங்கள். மூலப் படத்தைத் திரும்ப வாங்கிவிட்டீர்கள்தானே?

கேள்வி: கல்யாண வீடியோவை யூடியூபில் போட்டோம், பின்னணியில் சினிமாப் பாட்டு. காப்பிரைட் என்று சொல்லி யூடியூப் சத்தத்தை நிறுத்திவிட்டது. மண்டபத்தில் போட்டபோது யாரும் கேட்கவில்லையே?
*(தேவிபட்டினம்)*

பதில்: மண்டபத்தில் போட்டது சரி. கல்யாண ஊர்வலத்திலும் அதையொட்டிய விழாக்களிலும் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது என்று 52ஆவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு மண்டபத்து வாசலோடு சரி, யூடியூப் வரை வராது. வீடியோ உங்களுடையது, பாட்டு உங்களுடையது இல்லை. எடிட் செய்தவரிடம் சொல்லிப் பாட்டை எடுத்துவிட்டு அன்றைக்கு வாசித்த நாதஸ்வரத்தையே போடச் சொல்லுங்கள், வாசித்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.