கருவளம் 1.6 என்றால் கூட்டம் ஏன் குறையவில்லை?

கரோல் பாக் நண்பருக்கு, தில்லியின் கருவள விகிதம் 1.6தான் (தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21), பிறகும் மக்கள்தொகை ஏன் கூடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவார் என்ற கணக்குங்க, ஊருக்கானது அல்ல. 15 முதல் 49 வயது வரை ஏழு ஐந்தாண்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பெண்களுக்கு ஓராண்டுப் பிறப்பு எத்தனை என்று கூட்டுங்கள். 320 வந்தால், 5-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுக்க 1.6. அந்த 5-ஐ விட்டுவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம்.

இளம்பெண்கள் நிறைய இருக்கும் ஊரில், ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலும் பிறப்பு இறப்பை மிஞ்சும். வேலை தேடி ரயிலேறி வருகிறவர்கள் தனி.

தலா வருமானம், அதாவது ஆளுக்குச் சராசரி வருமானம், எவ்வளவு கூடும் என்றும் கேட்டிருந்தீர்கள்: மொத்த உற்பத்தி 7%, மக்கள்தொகை 1% கூடினால் 1.07-ஐ 1.01-ஆல் வகுங்கள், 5.94%. நீங்கள் எழுதியிருந்த ‘வருமானம் உயர்ந்தால்தான் பிறப்பு குறையும்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். கேரளத்தில் வருமானம் உயருமுன்பே, பெண்கல்வியோடு பிறப்பு சரிந்துவிட்டது.